கொலுசு கறுக்காத குழம்பு

சிரித்து முடித்துவிட்டீர்களா? முடித்திருந்தால் உட்கார்ந்து இதைப் படியுங்கள். வாய்ஸ் மெசேஜாகப் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் துபாயில் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள், அத்தையின் கடைக்குட்டியே, நீதான் அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாய். உன் கட்டட வாசல் புல்வெளியில் முளைத்த வெள்ளைக் குடைக்காளான்கள். கீழே ஒரு வரி: ‘ரஷ்யாக்காரி ஸ்பெஷல், மதியச் சாப்பாட்டுக்கு அனைவரும் வருக.’ உன் அக்கா மண்டையோட்டு எமோஜி போட்டாள். என் அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் ஐந்து போட்டான். பழக்கதோஷம், நானும் ஒன்று போட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் ஓடிய ஜோக் அல்லவா? போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குகிற வயதிலும் இந்தப் பொய்யைச் செரிக்க என்னால் முடியவில்லை.

சித்தியை உங்களுக்கு அந்த ஒரு வெள்ளிக்கிழமையால் மட்டும்தான் தெரியும். எங்களோடு துபாய் கராமாவில் இருந்த ஃபிளாட்டில் அவர் ஏழு மாதம் இருந்தார். சோவியத்துக்கு இன்ஜினியரிங் படிக்கப் போன சித்தப்பா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அந்த நாடு சிதறியபோது வேலையும் இல்லாமல் ரொட்டியும் கிடைக்காமல், மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா சொல்லித்தான் ஜெபல் அலியில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு அறை வீடு. ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர், இன்னொன்றில் அவர்கள் மூன்று பேர். சமையலறை மட்டும் ஒன்று. போர் நடந்தது அங்கேதான்.

அம்மாவுக்கு சித்தியின் எல்லாமே ஆகவில்லை. பால்கனியில் வரிசையாக நின்ற வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில்கள் ஆகவில்லை. சோம்பும் இல்லாத கொத்தமல்லியும் இல்லாத ஏதோ ஒரு கீரையின் வாசம் ஆகவில்லை. சித்தி கை தவறி ஒரு டம்ளரை உடைத்தால் அன்று முழுக்கப் பேச்சு. அம்மா உடைத்தால் டம்ளருக்கு ஆயுசு முடிந்தது, அவ்வளவுதான். அத்தை ஃபோன் செய்கிற போதெல்லாம் அம்மா சொல்வது ஒன்றே: “நேத்து பேஞ்ச மழையில இன்னிக்கு முளைச்ச காளான் அது. என் வீட்ல வந்து எனக்கே சட்டம் சொல்லுது.” ஓர்ப்படி என்ற சொல்லை அம்மா அவருக்குத் தந்ததே இல்லை. பேச்சில் எப்போதும் ரஷ்யாக்காரிதான்.

அம்மா காளான் என்று திட்டியது தற்செயல். ஆனால் சித்தியின் உயிர் நிஜமாகவே காளானில்தான் இருந்தது. பெட்டியில் கம்பளிக்குப் பதிலாக ஒரு கூடையை வைத்து எடுத்து வந்தவர் அவர். ஏதோ மெல்லிய குச்சிகளில் பின்னியது, பிடியில் துணி சுற்றியிருக்கும். அவர் வீட்டில் மழைக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை யாரும் தூங்கமாட்டார்களாம். அப்பா, அம்மா, அத்தைமார்கள், குழந்தைகள் எல்லோரும் ரயிலேறிக் காட்டுக்குப் போய், ஆளுக்கொரு கூடையும் ஆளுக்கொரு சின்னக் கத்தியுமாகப் பிரிந்து, சாயங்காலம் சேர்வார்களாம். எந்த மரத்தடியில் கிடைத்தது என்று சொந்த அக்காவுக்குக்கூடச் சொல்லமாட்டார்களாம். இதையெல்லாம் பாதித் தமிழிலும் பாதிக் கையாலும் எனக்கும் அண்ணனுக்கும் சொல்வார். அண்ணனுக்கு அலுப்பு. எனக்குப் பிடிக்கும். பிடித்ததை அம்மாவிடம் காட்டமாட்டேன்.

அந்த வருடம் மழை நிறைய. முதல் மழை விட்டதும் சித்தி கூடையை எடுத்தார். சித்தப்பாவின் கம்பெனி பிக்கப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குப் போனோம். வண்டி ஓட்டியவர் பலூச்சிக்காரர், வெற்றிலைக்காவி பல். ஈரமணல் வாசத்தை முதல்முறையாக அன்றுதான் முகர்ந்தேன். காஃப் என்கிற பாலைவன மரங்களின் அடியில் சித்தி முட்டி போட்டு இலைச் சருகை விலக்கி விலக்கித் தேடினார். ஒன்றும் இல்லை. டிரைவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு குட்டைச் செடிக்குப் பக்கத்தில் மணல் விரிசல் விட்டு மேடு தட்டியிருந்த இடத்தில் குச்சியால் கிளறினார். சின்ன உருளைக்கிழங்கு போல ஒன்று வந்தது. ஃபகா என்றார். மண்ணுக்குள்ளேயே விளைகிற காளான். அக்கம்பக்கத்தில் இன்னும் நான்கு கிடைத்தன.

“கா சக்தே ஹோ, பாபி. அச்சா ஹை,” என்றார், தின்னலாம் என்று வாயருகே கை காட்டி.

சித்தி அதை வாங்கி முகர்ந்தார், கத்தியால் வெட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். “எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் சாப்பிட்டா நான் சாப்பிடுறேன்.” டிரைவர் சிரித்துக்கொண்டே கட்டைகளைக் கூட்டித் தீமூட்டி, ஒன்றைச் சுட்டுத் தின்றார். மீதி நான்கை சித்தி வீட்டில் வெண்ணெயில் வதக்கித் தான் மட்டும் சாப்பிட்டார். ஒரு நாள் பார்த்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகுதான் மகளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். எங்களைத் தொட அம்மா விடவில்லை. “மண்ணாங்கட்டியத் தின்னுது பாரு,” என்றாள்.

அடுத்த மழை இடியோடு வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் தெருவைத் தாண்டி ரவுண்டானாவை ஒட்டிய புல்வெளிக்கு சித்தி எங்களைக் கூட்டிப் போனார். மாநகராட்சிக்காரர்கள் எரு போட்டு தினமும் தண்ணீர் விட்டு வளர்த்த புல். அங்கே சித்திக்கு, துபாய் வந்து முதன்முறையாக, தன் ஊர்க் காளான் கிடைத்தது. குட்டையாக, தடித்த தண்டோடு, அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. சித்தி புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றையும் கத்தியால் அடியில் அறுத்து, ஊதி, கூடையில் வைத்தார். பன்னிரண்டு தேறியது. ரஷ்ய மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் வேலியோரம் பெரிய வெள்ளைக் குடைகளாக இன்னொரு சாதி முளைத்திருந்தது. என் பங்குக்கு நானும் பறிக்க வேண்டும் என்று இரண்டைப் பிடுங்கிவந்து கூடையில் போட்டேன். சித்தி திரும்பிப் பார்த்தவர், அதை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் லேசாகப் பச்சை. முகம் மாறிவிட்டது. “இது எங்க காட்டுல இல்ல. எனக்குத் தெரியாது,” என்றார். என் இரண்டை மட்டும் தூக்கிப் போட்டிருந்தால் ஒன்றுமில்லை. முழுக் கூடையையும் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். தெரியாதது ஒன்று விழுந்தால் கூடை மொத்தமும் போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒரு துணுக்கு உடைந்து மற்றதில் ஒட்டியிருந்தால் யார் கண்டது? பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ரஷ்ய மொழியில் சத்தம் போட்டார். நடைபாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தப் பன்னிரண்டும் அவருக்கு என்னவாக இருந்தது என்று எனக்கு அன்று உறைக்கவில்லை. பதின்மூன்று வயதில் நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக் கழுவிய அவமானம் மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுக்கு நான்காகச் சொன்னேன். கூடை நிறையக் காளான் கிடைத்தது, நான் தொட்டேன் என்பதற்காகவே தீட்டுப் பட்ட மாதிரி எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டார் என்றேன். அம்மாவுக்கு மூக்கு நுனி சிவந்தது.

“எப்படி இருந்துச்சுடி?”

“வெள்ளையா, குடை மாதிரி.”

“இடி இடிச்சா வர்ற குடைக்காளான்டி அது! எங்கூர்ல விடியறதுக்கு முன்னாடி போகலைன்னா ஒண்ணுகூட மிச்சம் இருக்காது. காளானைப் பத்தி இவ எனக்குச் சொல்லித் தர்றாளா? காலையில போய்ப் பறிச்சிட்டு வா. விரிஞ்சது வேண்டாம், மொட்டா பார்த்துப் பறி. நாளைக்கு உங்க அத்தை எல்லாரும் வர்றாங்கல்ல, ஆக்கிப் போடறேன்.”

வெள்ளிக்கிழமை காலை பிளாஸ்டிக் பை நிறையப் பறித்து வந்தேன். எல்லாம் மொட்டு, வெள்ளை வெளேர் என்று. சித்தி மகளோடு மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஊரில் செய்கிற சோதனை இரண்டையும் செய்தாள். மஞ்சள் தூள் போட்டு வேகவைத்தாள், மஞ்சள் நிறம் மாறவில்லை. “உன் கொலுசக் கழட்டு,” என்றாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்கிற சட்டிக்குள் போட்டாள். விஷம் என்றால் வெள்ளி கறுக்குமாம். கால்மணி நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்தாள். பளபளவென்று இருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். சொல்லக்கூடாது, வாசம் ஆளைத் தூக்கியது.

இனி உங்களுக்கே தெரியும். நீங்கள் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். அறையில் பேப்பர் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். அரை நாள் டியூட்டி முடித்து சித்தப்பாவும் வந்து அமர்ந்தார். கைகழுவிக்கொண்டு உள்ளே வந்த சித்தி குழம்பைப் பார்த்தார். சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு துண்டை எடுத்து விரலில் நசுக்கினார். என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

“சாப்பிட வேண்டாம்! யாரும் வேண்டாம்!”

அம்மா நிமிரவே இல்லை. “பார்த்தீங்களா தம்பி, நாங்க ஆக்கினதை உங்க சம்சாரம் தின்னமாட்டாங்களாம்.”

சித்தி சித்தப்பாவிடம் ரஷ்ய மொழியில் படபடவென்று சொன்னார். கெஞ்சினார் என்று இப்போது தெரிகிறது. அண்ணியின் முன்னால், தங்கையின் முன்னால், மச்சானின் முன்னால் மனைவி கத்துகிறாளே என்று சித்தப்பாவுக்குக் காதெல்லாம் சிவந்தது. “சும்மா இரு!” என்றார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். தன் அண்ணன் வீட்டுக்கு விசுவாசம் காட்டத்தான். அவரைப் பார்த்து அப்பாவும் மாமாவும் போட்டிபோட்டுச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், சித்தி பார்க்கும்படி நன்றாக மென்று.

அப்போதுதான் சித்தி தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காலால் உன் தட்டை எட்டி உதைத்தார், கடைக்குட்டி. ஐந்து வயது உனக்கு. ஒரு வாய்தான் உள்ளே போயிருந்தது. சோறு சுவரெல்லாம் தெறித்தது. அத்தை எழுந்து சித்தியின் கன்னத்தில் அறைந்தார். இதைத்தான் நீ ‘ரஷ்யாக்காரி எனக்குச் சோறு போடவிடல’ என்று நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறாய்.

இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்தது. நான் விவரிக்க வேண்டியதில்லை, ஒரே கக்கூஸ் இருந்த வீடு. கீழ்த்தளத்துக் கடைக்காரரின் வேனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எங்களை ஏற்றிவிட்டவர் சித்திதான். எங்கள் எல்லோர் வாந்தியையும் துடைத்தவரும் அவர்தான். உன் அக்கா மூன்று நாள் டிரிப்பில் கிடந்தாள். உனக்கு மட்டும் ஒரு நாளில் சரியானது. பொடியன் முழுத் தட்டும் தின்றிருந்தால் தன்னால் பொறுப்பேற்றிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அத்தையே கேட்டார். கேட்டதைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

‘எந்தா கழிச்சே?’, என்ன சாப்பிட்டீர்கள் என்று மலையாளி நர்ஸ் கேட்டபோதுதான் அப்பாவுக்குப் பயம் வந்தது. ஒன்பது பேர் ஒரே வீட்டிலிருந்து இப்படி வந்தால் போலீஸ் விசாரிக்கும் என்று பக்கத்துக் கட்டிலில் எவரோ சொல்லிவிட்டார்கள். “கஃபீல் காதுக்குப் போச்சுன்னா என் வேலை, தம்பி வேலை, ரெண்டும் கலாஸ்,” என்று விசா கொடுத்த அரபி முதலாளியை நினைத்து அப்பா புலம்பினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: “ரஷ்யாக்காரிதான் பறிச்சா. நேத்து கூடையோட போனாள்ல? சமைக்கச் சொல்லிக் குடுத்துட்டு, தானும் திங்கல, தன் புள்ளைக்கும் குடுக்கல.”

சித்தி அங்கேதான் நின்றார். “நான் இல்ல. அவ,” என்று என்னைக் காட்டினார்.

சித்தப்பா தள்ளாடி எழுந்து என் கட்டிலுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. என் தலையில் கைவைத்துக் கேட்டார்: “பயப்படாம சொல்லு பாப்பா. யார் கொண்டு வந்தது?”

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. குழாயடியில் என் கையைத் தேய்த்த அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன்.

“சித்திதான் கூடையில கொண்டு வந்தாங்க.”

சித்தப்பா திரும்பினார். “பச்சப்புள்ள மேல பழியப் போடுறியா நீ?” என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. சித்தி ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

போலீஸ் யாரும் வரவில்லை. ஆனாலும் மூன்று வாரத்தில் சித்தியும் மகளும் விமானம் ஏறினார்கள். கொஞ்ச நாள் தன் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்றுதான் பேச்சு. விசா முடிந்தது. சித்தப்பா புதுப்பிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு அவரை எப்படித் தயார் செய்தார்கள் என்பதை மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன். “விஷம் வெக்கிறவளோட எப்படித் தம்பி படுத்துத் தூங்குவீங்க?” பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் பாவம் என் வாயில் இருந்தது. பழியைப் பெட்டியில் கட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டோம்.

உன் படத்துக்குச் சிரித்த அன்று மாலை அம்மாவை வீடியோ காலில் பிடித்தேன். சேலத்தில் அண்ணன் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். முழுதும் சொன்னேன். அம்மாவுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

“ஏன்டி, எனக்குத் தெரியாதா? நான்தானே உன்னை அனுப்பினேன்.”

“பிறகு ஏம்மா அப்படிச் சொன்னே?”

“பின்னே, நான் செஞ்சேன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போகச் சொல்றியா? அவ போனா. அப்புறம்தான் வீடு வீடா இருந்துச்சு. இப்ப எதுக்கு இதைக் கிளறுறே? மாத்திரை போட்டியா?”

அண்ணா, இதை நீ அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலை நான் பையோடு திரும்பியதை நீ பார்த்தாய். ‘சித்திக்குத் தெரிஞ்சா செத்தே’ என்றாய். இத்தனை வருடமாக நீயும்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். நம் குழுவில் சேரமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதை நீங்கள் கர்வம் என்றீர்கள். அவர் இன்னும் ஜெபல் அலியில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். கராமாவிலேயே நான்கு பேர் தங்கும் பேச்சிலர் ரூம். மறுகல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வோமே, ஒருவராவது அவரிடம் கேட்டிருக்கிறோமா? மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். கட்டிலில் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். காளான் பறித்தது நான். சமைத்தது அம்மா. சித்திக்கு அதில் பங்கே இல்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழுதால் நானும் சேர்ந்து அழுது, காலில் விழுந்து, முடித்துவிடலாம் என்று வந்திருந்தேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அவ அன்னிக்கே சொன்னா.”

“ஆமா சித்தப்பா.”

“ஒரு தடவைதான் சொன்னா. நான் உன்னை நம்புனேன். அதுக்கப்புறம் அவ சொல்லவே இல்ல.” பிறகு, “இதை எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றே? உனக்கு நிம்மதி வேணும், அதானே? எங்கிட்ட இல்ல அது. அவகிட்ட சொல்லு, போ,” என்றார்.

“சொல்றேன் சித்தப்பா. அவங்க நம்பர் குடுங்க. கால்ல விழுந்து சொல்றேன்.”

அவர் என் கையிலிருந்த டீயை வாங்கினார். ஆறிப்போயிருந்தது. தொட்டியில் கொட்டி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். எனக்கு முதுகைக் காட்டியபடிதான் பேசினார்.

“அவ போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. புள்ளைதான் ரெண்டு வரி எழுதியிருந்தா.”

ஆறு வருடத்தில் நம் குழுவில் எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை பேருக்குக் கண்ணீர் அஞ்சலி. “ஏன் சித்தப்பா எங்க யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன்.

அவர் திரும்பினார்.

“யார்கிட்ட சொல்ல? உங்ககிட்டயா?”